4417-இன் சட்டபூர்வ வாரிசு

தையல் மெஷின் மெக்கானிக்குக்கு அரசாங்க அலுவலகங்களோடு அதுவரை எந்தப் பகையும் இருந்ததில்லை. சீருடை தைக்கும் நாலு அலுவலகங்களில் மெஷின்களைப் பழுது பார்ப்பவர் அவர்தான். மெஷின் ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றுதான் அங்கே சொல்வார்கள். ஓடுகிறது என்று ஏட்டில் எழுதியிருக்கிறதே என்று ஒருவரும் அவரிடம் வாதாடியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவர் போர்ப்பணி ஆவணக் காப்பகத்தின் படியேறினார்.

காரணம் அம்மா. எண்பத்திரண்டு வயது. ஒரு நாள் காலை, அவர் கூடத்தில் மெஷின் தலையைக் குப்புறப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பா அந்த நாலு வருஷம் எங்க இருந்தாரு, என்ன பண்ணாருன்னு தெரியாமலே போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்குடா."

அம்மாவுக்கு ஒரு வயதாக இருந்தபோது தாத்தா போருக்குப் போனார். திரும்பி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தாளாம். அந்த யாரோ அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் அதே வீட்டில் இருந்தார். மரக்கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். போரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மூடிவிட்டார்.

பேசாமல் போனதை அம்மாவின் தம்பி ஈடுகட்டிவந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகரான அந்த மாமா பிறந்தது தாத்தா திரும்பி வந்து இரண்டு வருஷம் கழித்து. ஆனாலும் போர்முனை முழுவதையும் அவர்தான் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். போன வருஷக் கல்யாணத்தில் தாத்தா கேப்டனாக இருந்தார். இந்த வருஷக் கல்யாணத்தில் கர்னல். காப்பகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று மெக்கானிக் சொன்னதும், மாமா தன் வீட்டு முன்னறைச் சுவரில் பதக்கத்துக்கு ஆணி அடித்துவிட்டார்.

காப்பகத்தில் வேலை பார்க்கும் யாரும் போருக்குப் போனவர்கள் இல்லை. அதனாலேயோ என்னவோ ஒழுங்கு கடுமையாக இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் குதிகால்களைச் சேர்த்து நிற்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். மெக்கானிக்கின் அட்டையில் 'தற்காலிகப் பார்வையாளர், மூன்றாம் நிலை' என்று இருந்தது. முதல் நிலைக்குத்தான் நாற்காலி. வாசல் காவலர் அவருடைய பையைத் திறந்து மூன்று திருப்புளி, ஓர் எண்ணெய்க் குப்பி, பதினேழு ஊசி ஆகியவற்றை எடுத்துவைத்து, 'ஆயுதங்கள்' என்று தலைப்பிட்டு ரசீது கொடுத்தார்.

விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி: 'விண்ணப்பதாரர் போரில் கலந்துகொண்டாரா? இல்லையெனில் காரணம்.'

"இதை ஏன் காலியா விட்டிருக்கீங்க?" என்று எழுத்தர் கேட்டார்.

"நான் அப்போ பிறக்கவே இல்லைங்க."

"எழுதுங்க. எழுதினாத்தானே எங்களுக்குத் தெரியும்."

மெக்கானிக் எழுதினார். எழுத்தர் படித்துப் பார்த்தார். "பிறக்கலைங்கறதுக்கு அத்தாட்சி?"

"பிறப்புச் சான்றிதழ் இருக்குங்க."

"அது பிறந்ததுக்கு அத்தாட்சி. நான் கேக்கறது பிறக்காததுக்கு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எழுத்தர் இரக்கப்பட்டு முத்திரை குத்தினார். "இந்தத் தடவை விட்டுடறேன். அடுத்த போருக்கு இப்படி வராதீங்க."

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அம்மாவும் மாமாவும் கட்டிலில் உட்கார்ந்திருக்க, மெக்கானிக் நின்றுகொண்டு படித்தார். முதல் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வாரிசாகக் குறிப்பிடப்பட்ட ஒரு வயதுப் பெண் குழந்தை எல்லாம் சரியாக இருந்தன. வீரர் எண் 4417. இரண்டாவது பக்கம் பணி விவரம்.

"உயரம் பதினாலு பிடி. நிறம் பழுப்பு, வயிற்றில் வெள்ளை. பற்கள் முழுமை. படிப்பு இல்லை. குணம் நல்லது. பின்னாலிருந்து அணுகினால் உதைக்கும்."

மெக்கானிக் நிறுத்தினார்.

"படிடா" என்றாள் அம்மா.

"ஆற்றைக் கடக்கையில், குண்டுமழைக்கு நடுவே, காயம்பட்டவர்களை முதுகில் சுமந்து மூன்று தடவை அக்கரை சேர்த்தது. கட்டளையின்றியே நாலாவது தடவை இறங்கி, நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது. உடல் கரை ஒதுங்கியது. வீரப் பதக்கம் வழங்கப்பட்டுள்ளது. பதக்கம் காப்பகப் பெட்டகத்தில் உள்ளது. உடன் பணியாற்றிய கோவேறு கழுதை எண் 902. அதன் விவரம் விலங்குப் பிரிவில்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "வீரப் பதக்கம்! நான் சொன்னேனா இல்லையா?"

"உதைக்கும்னு போட்டிருக்கே மாமா."

"வீரன்னா உதைப்பான்தான் மாப்ளே."

அம்மா ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தாள். "பல்லு சரி. கடைசி வரைக்கும் ஒரு பல்லு ஆடல அவருக்கு. பின்னாடி வந்து நின்னா பிடிக்காதுங்கறதும் சரிதான். ஆனா ஆத்துல செத்துட்டாருன்னா, என்னைக் கட்டிக் கொடுத்தது யாரு?"

மேல்நூலும் கீழ்நூலும் மாறினால் தையல் எப்படி விழும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். தாத்தா கோவேறு கழுதை ஓட்டியிருக்கிறார். இரண்டு பேருடைய தாள்களும் எங்கேயோ இடம் மாறிவிட்டன. பிரித்து மாற்றிக் கோர்த்தால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை.

"தவறா?" என்றார் காப்பகத்தின் பிரிவுத் தலைவர். அந்தச் சொல்லைக் கெட்ட வார்த்தையைப்போல மெதுவாக உச்சரித்தார். "எங்ககிட்ட நானூத்திப் பன்னெண்டு வகைப் படிவம் இருக்கு. தவறுக்குன்னு ஒரு படிவம் கிடையாது. தவறுன்னு ஒண்ணு இருந்திருந்தா, இத்தனை வருஷத்துல அதுக்கு ஒரு படிவம் அடிக்காம விட்டிருப்போமா?"

"ஐயா, முதுகுல ஆள் ஆளா தூக்கிட்டுப் போயிருக்கு. தாத்தா அஞ்சடி ரெண்டு அங்குலம்தான்."

"உங்க தாத்தாவை நீங்களே குறைச்சு எடை போடாதீங்க."

"வயித்துல வெள்ளைன்னு..."

"வயித்தை யார் பார்த்தா?" பிரிவுத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மனுஷன் மறப்பான், மாத்திப் பேசுவான், செத்தும் போவான். கோப்பு இதுல எதையும் செய்யாது. வெள்ளம் வந்து தரைத்தளம் மூழ்கினப்போ, மிச்சமிருந்த தாளை எல்லாம் புதுப் படிவத்துல பிரதி எடுத்தோம். நாப்பது தற்காலிக ஆளுங்க, பதினோரே நாள், ரெண்டு லட்சம் தாள். ஒரு தவறு கிடையாது. சரிபார்க்க நேரமே இல்ல, அப்பவும் ஒரு தவறு கிடையாது."

இதைக் கேட்டதும் மெக்கானிக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரிவுத் தலைவருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. இருவருக்கும் விளங்கியது ஒன்றல்ல என்பதுதான் சங்கடம்.

விலங்குப் பிரிவு, வெள்ளம் புகுந்த அதே தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. சுவரில் ஆளுயரத்துக்கு ஈரக்கறை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு வருஷத்துல இங்க இறங்கி வந்த ரெண்டாவது ஆள் சார் நீங்க. முதல்ல ஒருத்தர் வந்தாரு. கழிப்பறை எங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

ஒரு வருகைக்கு ஒரு பக்கம்தான் காட்டலாம் என்பது விதி. அவர் 902-ஆம் கோப்பின் முதல் பக்கத்தை விரித்து வைத்தார். இனம், கோவேறு கழுதை. வால் என்ற இடத்தில் ஒரு கோடு. மணமானது. இடது கையில் தீக்காயத் தழும்பு. போர் முடிந்து விடுவிக்கப்பட்டபோது பெற்றுக்கொண்டவை சட்டை இரண்டு, காலணி ஒரு ஜோடி, சொந்த ஊருக்கு மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட் ஒன்று. அடியில், பழைய தாளிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு கட்டைவிரல் ரேகை.

மெக்கானிக் அந்த ரேகையைத் தொடாமல் விரலை அதன் மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"கோவேறு கழுதை எப்படிம்மா கையெழுத்துப் போடும்?"

"கையெழுத்துப் போடலையே, கைநாட்டுதானே வச்சிருக்கு." எழுத்தர் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "நான் சேர்ந்த வருஷம் இதே கேள்வியைக் கேட்டேன் சார். மேல இதைத்தான் சொன்னாங்க. இரண்டாம் மாடியில இருந்த என்னை இங்க மாத்தினதும் அன்னைக்குத்தான். நீங்க இயக்குநர்கிட்ட விசாரணை கேளுங்க. அவரு மறுக்க மாட்டாரு. பேசறதுக்கு ஆள் கிடைச்சா அவருக்குப் பிடிக்கும்."

விசாரணை நாளன்று அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாமா, பதக்கம் வாங்கத் தோதாக இடது பக்கம் பை இல்லாத கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இயக்குநரின் அறையில் கம்பளம் விரித்திருந்தது. அவர் மார்பில் மூன்று பதக்கங்கள். ஒன்று முப்பது வருஷம் தாமதமின்றி அலுவலகம் வந்ததற்கு. மற்ற இரண்டும் அதே காரியத்துக்கு இருபதாவது, பத்தாவது வருஷங்களில் கொடுத்தது. நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்ய ஒருவர் மூலையில் இருந்தார்.

"உங்க தந்தை ஆத்துல வீரமரணம் அடைஞ்சார். அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்லை" என்று இயக்குநர் தொடங்கினார். "போர் முடிஞ்சு ரயிலேறினது 902. அதுலயும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் முழுக்க உங்க பக்கம்தான் இருக்கு. அதை நீக்கிக் கொடுக்கறது எங்க கடமை. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, பதக்கத்தை பேண்டு வாத்தியத்தோட கொடுத்துடலாம்."

அம்மாவின் முன்னால் ஒரு தாள் வைக்கப்பட்டது. மெக்கானிக் படித்துச் சொன்னார். 'போருக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் தந்தை அல்ல.'

மாமாவுக்கு எங்கேயோ இடித்தது. "நான் பிறந்தது அப்பா திரும்பி வந்து ரெண்டு வருஷம் கழிச்சுங்களே?"

இயக்குநர் கோப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார். "கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது. இது நாங்க போட்ட விதி இல்லை, விஞ்ஞானம். அதனால நீங்க பிறந்திருக்க வாய்ப்பில்லை."

"நான் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில டிக்கெட் பரிசோதிச்சவன்!"

"நீங்க உட்கார்ந்திருக்கறதை நாங்க மறுக்கலையே. பதிவுல இடம் இல்லைன்னுதான் சொல்றோம்."

முப்பத்தாறு வருஷமும் மாமா இதே வாக்கியத்தைத்தான் எத்தனையோ பேரிடம் சொல்லி அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டிருந்தார். அதன் நியாயம் அவருக்கு உடனே பிடிபட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்காவின் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு தாள்தானேக்கா. போட்டுடு. பதக்கம் வரட்டும். நான் வேணா பிறக்கலைன்னே இருந்துட்டுப் போறேன்."

"ஏழு கழுதை வயசாச்சு, பேச்சைப் பாரு!"

இயக்குநர் மூலையைப் பார்த்து விரலை அசைத்தார். "அதைப் பதிவு பண்ணுங்க. தம்பியின் வயது கழுதைக் கணக்கில் வருவதை மூத்த வாரிசு ஒப்புக்கொண்டார்."

தட்டச்சு ஓசை ஓயும் வரை அம்மா காத்திருந்தாள். பிறகு, "கையெழுத்து அப்புறம் இருக்கட்டும்" என்றாள். "ஆத்துல செத்தது யாருன்னு படிச்சுச் சொல்லிட்டீங்க. எங்க வீட்டுக்கு வந்தது யாருன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? அந்தக் கழுதைக் கோப்பைக் கொண்டாந்து மிச்சத்தையும் படிக்கச் சொல்லுங்க."

"கோவேறு கழுதை" என்று திருத்தினார் இயக்குநர். ஆனால் கேட்டதில் விதிமீறல் எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. விலங்குப் பிரிவு எழுத்தர் வரவழைக்கப்பட்டார். அவர் நின்றபடியே இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

"எண் 902. ஒழுங்கு நடவடிக்கை. படை நகர்ந்த பிறகும் ஆற்றங்கரையில், ஒதுங்கிக் கிடந்த உடலுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. எழுந்து வர மறுத்தது. கேள்வி, கட்டளையை மீறியது ஏன்? பதில், மண் போட ஆள் வரவில்லை. கேள்வி, அது உன் வேலையா? பதில், மூணு வருஷம் என் கூட நடந்தது. கேள்வி, செத்தது வெறும் மிருகம்தானே? பதில் சொல்லவில்லை. மண்வெட்டி கொடுக்கப்படாததால், தன் சாப்பாட்டுத் தட்டால் குழி தோண்டி உடலைப் புதைத்தது. தண்டனை, பதினாலு நாள் காவல். அரசாங்கத் தட்டை நெளித்ததற்குத் தனியாக எச்சரிக்கை."

மாமா கண்ணாடியைக் கழற்றிக் கோட்டின் நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கட்டடம் முழுக்க ஒரு சங்கு ஊதியது. இயக்குநர், தட்டச்சுக்காரர், விலங்குப் பிரிவு எழுத்தர் மூவரும் சட்டென்று விறைத்து நின்று தலை கவிழ்ந்தார்கள். தினமும் பதினோரு மணிக்கு, வெள்ளத்தில் வீழ்ந்த கோப்புகளுக்காகக் காப்பகம் ஒரு நிமிஷம் மௌனம் காப்பது வழக்கம். அம்மாவுக்கு அது தெரியாது. அவளும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் நின்றது வேறு ஒன்றுக்காக.

நிமிஷம் முடிந்ததும் அம்மா தாளை இயக்குநரின் பக்கம் தள்ளினாள்.

"இவருதாங்க எங்க வீட்டுக்கு வந்தாரு. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"அப்போ பதக்கம்?"

"அது அந்த வாயில்லா ஜீவனோடது. மூணு தடவை இறங்கி ஏறினது அது. நாலாவது தடவை செத்தும் போச்சு. அதோடதை நாங்க வாங்கி எங்க மாட்டறது?" மாமாவின் பக்கம் அவள் திரும்பவில்லை. "எனக்கு இந்தப் பதினாலு நாள் தாள் ஒண்ணு போதும். அதைக் கொடுங்க."

இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். விலங்குகளின் ஆவணத்தை மனிதர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு மனிதர்களின் ஆவணத்தை விலங்குகள் கேட்கும், அப்போது என்ன பதில் சொல்வது என்று விளக்கினார். இந்த இடத்தில்தான் விலங்குப் பிரிவு எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

"விதி முப்பத்தொண்ணு, சார். விலங்கோட பணியாற்றின வீரரின் சட்டபூர்வ வாரிசு, அந்த விலங்கின் ஆவணப் பிரதியைக் கேட்டுப் பெறலாம். 902-ஓட பணியாற்றினது 4417. இந்த அம்மா 4417-இன் வாரிசு. நம்ம கோப்புலயே இருக்கு."

இயக்குநர் விதிப் புத்தகத்தை வரவழைத்து முப்பத்தொன்றை இரண்டு தடவை படித்தார். தப்பிக்க ஒரே வழி, கோப்பு தவறு என்று சொல்வது. முப்பது வருஷத்தில் அவர் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. பிரதியில் முத்திரை குத்தி, அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பிரதி கையைவிட்டுப் போனதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பதக்கத்தை விட்டது நல்ல முடிவும்மா. வர்றவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டா, பெட்டகத்துல நாங்க எதைப் பாதுகாக்கறது?"

வாசலில் காவலர் ஆயுதங்களைத் திருப்பித் தந்தார். ஊசி பதினாறுதான் இருந்தது. ரசீதில் பதினேழு என்று இருப்பதால் பதினேழுதான் என்றார். மெக்கானிக் பையை மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்த மாமா, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "எங்கப்பா ராணுவத்துல பதினாலு நாள் ஜெயில்ல இருந்தவருங்க, சாதாரணப்பட்ட ஆள் இல்ல" என்று ஆரம்பித்திருந்தார். அடுத்த கல்யாணத்துக்குள் அது பதினாலு மாதமாகிவிடும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை படி" என்றாள் அம்மா.

படித்தார். 'மண் போட ஆள் வரவில்லை' என்ற இடத்தில் அம்மா கையை உயர்த்தினாள். அங்கேயே நிறுத்திக்கொண்டார். இரண்டு நிறுத்தங்கள் போயின.

"ஏண்டா, அந்தப் பதினாலு நாளும் அவருக்குச் சாப்பாடு போட்டிருப்பாங்களா?"

மெக்கானிக் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார். பிரதி எடுத்த தற்காலிக ஆள், விலங்குகளுக்கான படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. 'காவல் காலத் தீவனம்: காய்ந்த புல் தினம் ஆறு கிலோ, தவிடு இரண்டு கிலோ, உப்பு கேட்ட அளவு.'

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போட்டிருக்காங்கம்மா. வேளாவேளைக்குப் போட்டிருக்காங்க. உப்புகூடக் கேட்ட அளவுக்குக் கொடுத்திருக்காங்க."

"அப்போ சரி" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.